பகலில் ஓடும் இயந்திரம், இரவில் உறங்கும் இல்லம்



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், பொழுது புலருமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. உட்புறச் சிற்றூர்கள் சிலவற்றிற்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்ப இவ்வளவு, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இவ்வளவு என்று கூலி பேசியவர்களை அப்பகுதி மக்கள் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நாட்களில் என் உறவினர் இல்லமொன்றில் நிகழ்ந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அவ்வீட்டில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் முன்பே இருந்தன. புயலடித்த அன்று மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. மறுநாள் அலைந்து திரிந்து பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வந்தார்கள். நீண்ட வயர் ஒன்றை இழுத்து, நான்கு விளக்குகளையும் இரண்டு மின்விசிறிகளையும் அதிலே மாட்டினார்கள். மஃரிபு முதல் சுபுஹு வரை இயந்திரம் ஓடியது. அண்டை வீட்டார் இரைச்சலைச் சகித்துக்கொண்டனர். பெட்ரோலுக்காக வாப்பாவும் மகனும் நாள்தோறும் வரிசையில் நின்றனர்.

ஐந்தாம் இரவு மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் இயந்திரம் கெட்டுவிடுமே என்று, கொல்லையில் நின்றதைத் தூக்கிவந்து பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார்கள். புகை வெளியேறுவதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்தும் வைத்தார்கள். நள்ளிரவு கடந்து, தஹஜ்ஜத் தொழ எழுந்த மூதாட்டியாருக்குத் தலை பிளப்பது போன்ற வலி, கால் தள்ளாடியது. பிள்ளைகளை எழுப்பினார், ஒருவரும் சரியாக விழிக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி சென்று வாசற்கதவைத் திறந்து அவர் எழுப்பிய கூக்குரலுக்குத் தெருவே ஓடிவந்தது. இறைவன் அருளால் அனைவரும் பிழைத்தனர்.

பின்னர் அக்குடும்பத்தலைவர் என்னிடம், "கதவு திறந்துதானே இருந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அவரிடம் வேறொன்றைக் கேட்டேன்: "இன்வெர்ட்டர் வீட்டிலேயே இருந்ததே, அதை ஏன் பயன்படுத்தவில்லை?" அவர் வியப்போடு, "பேட்டரிதான் தீர்ந்துவிட்டதே!" என்றார்.

நேயர்களே, பிழை இங்கேதான் தொடங்குகிறது. தீர்ந்த பேட்டரியை நிரப்பத் தேவையான கருவி கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எவருக்கும் தோன்றவில்லை.

தொட்டியும் மோட்டாரும்

கை கழுவவேண்டிய ஒவ்வொரு முறையும் நாம் கிணற்று மோட்டாரை ஓட்டுவதில்லை. அரைமணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு, நாள் முழுவதும் குழாயைத் திறந்து பயன்படுத்துகிறோம். ஜெனரேட்டரும் மோட்டார் போன்றதே. பேட்டரிதான் தொட்டி. இன்வெர்ட்டர் குழாய்.

பகலில் சில மணி நேரம், திறந்த வெளியில், நம் கண் பார்வையில் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளவேண்டும். இரவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓசையும் புகையும் இல்லாத இன்வெர்ட்டரின் துணையோடு உறங்கவேண்டும். பெட்ரோல் மிச்சமாகும், அண்டை வீட்டாரும் அமைதியாக உறங்குவர். இவற்றைவிட முதன்மையானது ஒன்றுண்டு: உறங்கும் நேரத்தில் ஓடாத இயந்திரம், உறங்குபவரைக் கொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் இல்லங்களில் பரவலாக உள்ள பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுடையது. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈயமும் அமிலமும் கொண்ட இவ்வகைப் பேட்டரி நெடுநாள் உழைக்கவேண்டுமாயின் பாதிக்குமேல் தீர்க்கலாகாது. ஆக, எடுக்கத்தக்கது 900. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்புப் போக, விளக்கிற்கும் விசிறிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 750 வாட்-மணி.

9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு என்றால் 36 வாட். பழைய கூரைவிசிறி ஒன்று 75 வாட் வீதம் இரண்டுக்கு 150. மொத்தம் 186 வாட். இச்சுமைக்குப் பேட்டரி 4 மணி நேரமே தாங்கும். அதே விசிறிகள் புதிய பி.எல்.டி.சி. வகையாக இருந்தால் ஒன்றுக்கு 30 வாட் அளவே போதும். மொத்தச் சுமை 96 வாட்டாகக் குறைந்து, பேட்டரி ஏறத்தாழ 8 மணி நேரம் வரும். பெரிய ஜெனரேட்டர் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள், அதற்குமுன் இரண்டு விசிறிகளை மாற்றுவதைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நலம்.

இனி, நிரப்பும் கணக்கைப் பார்ப்போம். இவ்வகைப் பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் உகந்தது என்பது பொது விதி. 150க்கு 15 ஆம்பியர். இதற்காக ஜெனரேட்டரிலிருந்து இழுக்கப்படுவது ஏறத்தாழ 260 வாட் மட்டுமே. 2.5 கே.வி.ஏ. இயந்திரம் 2,000 வாட் அளவு தரவல்லது. 260 வாட்டுக்காக மட்டும் அதனை ஓட்டுவது, ஒரு பிடி அரிசிக்குப் பெரிய விருந்துத் தேக்சாவை அடுப்பிலேற்றுவது போலாகும். சுமை எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும் பெட்ரோல் செலவு அவ்வாறு குறைவதில்லை. வெறுமனே சுழலவே இயந்திரத்திற்குக் கணிசமான எரிபொருள் வேண்டும்.

ஆகவே, இல்லத்தரசிகளே, ஜெனரேட்டர் ஓடும் நேரமே உங்கள் வேலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரப்புவது, மாவரைப்பது, மிக்ஸியில் மசாலா அரைப்பது, குளிர்பெட்டியைக் குளிர வைப்பது எல்லாம் அந்நேரத்திலேயே நடக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். தண்ணீர் மோட்டார் புறப்படும்போது தன் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே முதலில் மோட்டாரை மட்டும் போடுங்கள். அது சீராக ஓடத் தொடங்கிய பின்னர் இன்வெர்ட்டரையும், அதன்பின் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கடைசிப் படி ஏன் ஏறமாட்டேன் என்கிறது?

காலியான பேட்டரி, பசித்த பிள்ளை உண்பதுபோல் முதலில் மின்சாரத்தை ஆவலோடு ஏற்கும். ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியதும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளும். 15 ஆம்பியர் 10 ஆகும். பிறகு 5 ஆகும். எஞ்சிய ஒரு பங்கை நிரப்பப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு பங்கிற்காகப் பெட்ரோலை எரிப்பது வீண்.

பாதியளவு தீர்ந்த பேட்டரியைக் காலையில் இரண்டு மணி நேரம், லுஹருக்கும் அஸருக்கும் இடையே இரண்டு மணி நேரம் என நான்கு மணி நேரம் மின்னேற்றினால், அது ஐந்தில் நான்கு பங்கு அளவை எட்டிவிடும். அதோடு இயந்திரத்தை நிறுத்திவிடலாம். நெருக்கடி இரவுகளில் குடும்பத்தார் அனைவரும் ஒரே கூடத்தில் படுத்து, சிக்கன விசிறி ஒன்றும், முன்னிரவில் விளக்குகளும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றமும் என்று வைத்துக்கொண்டால் இது போதுமானது. பன்னிரண்டு மணி நேரம் ஓடிய இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடினால் போதும் என்றாகிறது.

ஆனால் பேட்டரியை வாரக்கணக்கில் அரைகுறையாகவே விட்டுவைத்தல் கூடாது. அவ்வாறு விட்டால் உள்ளிருக்கும் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டியாகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். மின்சாரம் திரும்பியவுடன் ஒரு நாள் முழுவதும் இடைவிடாமல் மின்னேற்றி நிறைத்துவிடுங்கள். வீட்டுமாடியில் சூரியத்தகடு வைத்திருப்போர் பேறு பெற்றோர். காலையில் ஜெனரேட்டர் தொடங்கிவைத்ததை மெதுவாக முடித்துவைக்கும் வேலைக்கு வெயிலைப்போல் உகந்தது வேறில்லை.

இப்பொழுது லித்தியம் பேட்டரிகளும் பரவலாகிவிட்டன. இவை நிரம்பும் தறுவாய்வரை மிகுதியான மின்னோட்டத்தை ஏற்கும். அரைகுறையாக நிற்பதாலும் கேடில்லை. ஆகவே ஜெனரேட்டரோடு நன்கு பொருந்துவன. எனினும், லித்தியத்திற்கென அமைந்த இன்வெர்ட்டரும் சார்ஜரும் இருந்தாலன்றி இதை மாட்டலாகாது. பழைய இன்வெர்ட்டரில் பேட்டரியை மட்டும் மாற்றிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், இன்வெர்ட்டரின் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் ஏற்க மறுத்தால்

சிலர் ஜெனரேட்டரை இன்வெர்ட்டரோடு இணைத்துப் பார்த்துவிட்டு, 'மின்சாரம் வருகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் இதுதான்: மின்வாரியத்தின் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஜெனரேட்டர் அந்த 50ஐத் தர, அதன் இன்ஜின் பொதுவாக நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலவேண்டும். சுமை கூடினால் சுற்றுக் குறையும்; வோல்ட்டேஜும் ஆடும். கணினிக்கு ஏற்ற யூ.பி.எஸ். முறையில் வைக்கப்பட்ட இன்வெர்ட்டர் இந்த ஆட்டத்தைப் பொறுக்காது. 'இது நல்ல மின்சாரம் அன்று' என்று தள்ளிவிட்டுப் பேட்டரிக்கே திரும்பிவிடும்.

பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் இதற்கென ஒரு சுவிட்சு உண்டு. யூ.பி.எஸ். என்ற நிலையிலிருந்து நார்மல் அல்லது ஈகோ என்ற நிலைக்கு மாற்றினால், அது கூடுதலான ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளும். ஜெனரேட்டரை ஓட்டும் நாட்களில் அந்நிலையிலேயே இருக்கட்டும். அப்பொழுதும் ஏற்காவிடில், ஜெனரேட்டரின் வேகத்தைச் சீர்செய்ய மெக்கானிக்கை அழையுங்கள். மின்னணு முறையில் அலைவைச் சீராக்கித் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் இத்தொல்லை குறைவு. சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் ஓசையும் எரிபொருள் செலவும்கூடக் குறைவே. விலைதான் கூடுதல்.

கதவு திறந்திருந்தால் போதாதா?

உறவினர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போதாது. சாளரங்களெல்லாம் திறந்திருந்தாலும் போதாது.

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு, உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிவோடு அது ஒட்டிக்கொள்கிறது. உயிர்வளிக்கு இடமில்லாது போகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தாங்கவொண்ணாத் தூக்கம் என்பன அதன் அறிகுறிகள். விழித்திருப்பவர் ஐயுற்று வெளியே ஓடலாம். உறங்குபவர் அவ்வுறக்கத்திலிருந்து மீளாமலே போகக்கூடும்.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா என்னும் புயல் தாக்கியது. புயல் ஓய்ந்த பின்னரும் அங்கே உயிர்கள் பறிபோயின. ஜெனரேட்டர் புகைக்குப் பலியானோர் பலர். பாதுகாப்பு விதிகளும் எச்சரிக்கைகளும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை!

ஆகையால் ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டிற்கு எதிர்த்திசையைப் பார்க்குமாறு வையுங்கள். தாழ்வாரம், கார் நிறுத்தும் கூடம், மாடிப்படியின் அடிப்பகுதி, அடுக்ககத்தின் பால்கனி ஆகிய எதுவும் ஆகாது. நம் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. நம் வீட்டை விட்டுத் திருப்பிய புகை அண்டை வீட்டாரின் சாளரத்தை நோக்கிவிடாமலும் பார்த்துக்கொள்வது நம் கடமை. கொல்லை சிறிதாயின், நான்கைந்து வீட்டார் கூடி, பொதுவான திறந்தவெளியில் ஒரே இயந்திரத்தை முறைவைத்து ஓட்டி, அவரவர் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். மழைக்கு, நாற்புறமும் திறந்த தகரப்பந்தல் போதும். திருட்டுக்கு அஞ்சினால் பகலில் ஓட்டி, முற்றிலும் ஆறியபின் பூட்டி வைக்கலாம். இரவில் ஓட்டாதவருக்கு இந்தக் கவலைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

எவருக்கேனும் மேற்கூறிய அறிகுறி தென்பட்டால், முதலில் அனைவரும் திறந்தவெளிக்கு வாருங்கள். பிறகு 108ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் பலரும் வாங்கிவைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். இந்நச்சுக்கும் உயிர்வளிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. உயிர் ஊசலாடும் வேளையிலும் நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

கம்பத்தில் ஏறியவரையும் நினையுங்கள்

ஜெனரேட்டரின் மின்சாரம் இன்வெர்ட்டரின் உள்வரும் வழியிலேயே செல்லவேண்டும். வெளிச்செல்லும் வழியோடு இணைத்தால் இன்வெர்ட்டர் அந்நொடியே கருகிவிடும். உள்வரும் வழியிலும், மின்வாரிய இணைப்பையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்சு கட்டாயம் வேண்டும்.

சிலர் இருமுனையிலும் பிளக்குப் பொருத்திய வயரைச் செய்து, சுவரிலுள்ள பிளக்கில் சொருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். இது பெருங்கேடு. அந்த மின்சாரம் மீட்டர் வழியே தெருக்கம்பிக்கு ஏறும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரை அடைந்து, 230 வோல்ட்டாகப் போனது 11,000 வோல்ட்டாகப் பெருகும். கஜா புயலின்போது பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டதைக் கண்டோம். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைக்கும் அவ்வூழியரும் ஒரு வீட்டின் வாப்பாதான், ஒரு தாயின் பிள்ளைதான். சேஞ்ச்ஓவர் சுவிட்சின் விலை ஓர் உயிரின் முன் எம்மாத்திரம்? உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, எர்த் இணைப்போடு சேர்த்து அமைத்துக்கொள்ளுங்கள்.

சில சிறு கவனங்கள்

மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மெழுகுவத்தியோ அரிக்கன் விளக்கோ அருகில் கூடாது. நீரளவைப் பார்த்து, பேட்டரிக்கென விற்கும் வாலைவடிநீரை மட்டும் ஊற்றுங்கள். பெட்ரோலை, இயந்திரத்தை நிறுத்தி ஆறவைத்த பின்னரே நிரப்புங்கள். புது ஜெனரேட்டராயின் முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப்பின் இன்ஜின் ஆயிலை மாற்றுவது நலம். மாதக்கணக்கில் ஓட்டாதிருக்கையில் டாங்கியிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் தேங்கவிடாதீர்கள். இப்பொழுது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்து, வேண்டிய நேரத்தில் இயந்திரம் கிளம்பாமல் செய்துவிடும்.

ஒரு ஒத்திகை

அன்பு நேயர்களே! வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை நீடிப்பது. அதற்குமுன் ஒரு விடுமுறை நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்கும், வயர் எவ்வழி செல்லும், இன்வெர்ட்டர் ஏற்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பேட்டரியின் மேலுள்ள சுவரில் ஒட்டிவையுங்கள். வீட்டிலுள்ள ஆண்கள் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருக்க, புயலைத் தனித்து எதிர்கொள்ளும் பெண்கள் நம்மில் பலர். ஆகவே இவ்வொத்திகையில் உம்மாவும் மகளும் கட்டாயம் இருக்கவேண்டும்.

என் உறவினர் இல்லத்தில் அந்தத் தாள் இன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் முதல் வரியை மூதாட்டியாரே சொல்லி, பேரனை எழுதவைத்தாராம்: 'விளக்கு வைக்கும் நேரத்திற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.'

நம் இல்லங்களிலும் அவ்வரியே முதல் வரியாகட்டும்.